இரும்பும் இசையும்: ஹெவி மெற்றல் இசையினை நயத்தல்

மேலைத்தேய வெகுசன இசை வடிவங்களுள் ஹெவி மெற்றலைப் போன்று ஒரே சொல்லால் தீர்ப்பளிக்கப்பட்டது பிறிதொன்று இல்லை எனலாம். 'இரைச்சல்' என்பதே அச்சொல். இத்தீர்ப்பை வழங்குவோர் பெரும்பாலும் அவ்விசையைப் பொறுமையுடன் செவிமடுத்தவர் அல்லர். செவிமடுத்தோரிற் பலர் அதன்மீது கொண்ட பற்றோ அதனை ஆராயவிடாத அளவுக்கு மிகுந்தது. அதனை ஓர் இசையாகவே கொண்டு, அதன் கூறுகள் யாவை, அவை எவ்வாறு தோன்றின, அதனைப் படைத்தோரிடம் மதிக்கத்தக்கது யாது என வினவியோர் நெடுங்காலம் அரியராகவே இருந்தனர். 1991 இல் டீனா வைன்ஸ்ரைன் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளரும் 1993 இல் றொபேட் வோல்சர் என்னும் இசையியலாளரும் வெளியிட்ட நூல்கள் இத்துறையிற் பல்கலைக்கழக ஆய்வுக்கு வழி திறந்தன. எமது நோக்கம் அவ்வளவு விரிந்ததன்று. ஒரு மெற்றல் இசைக்கலைஞனை நயப்பதாயின் நாம் எதனைக் கேட்டல் வேண்டும் என்ற வினா ஒன்றையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அவ்விசையின் கிளைகள் பலவும் இவ்வினாவின் வழியாகவே எமது கட்டுரையுள் வரும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். 'பார உலோகம்' எனப் பொருள்படும் இத்தொடர் இரசாயனவியலுக்கு உரியது. 1968 இல் வெளியான ஸ்ரெப்பன்வுல்ஃப் குழுவினரின் பாடலொன்றில் அது மோட்டார் சைக்கிளின் முழக்கத்தைச் சுட்டி வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் விமரிசகர் சிலர் தமக்கு உவப்பில்லாத புதிய குழுக்களை அப்பெயராற் குறித்தனர். பிளாக் சபத் குழுவினரே இப்பெயரை விரும்பினாரல்லர். எனினும் பெயர் நிலைத்துவிட்டது. அது நிலைத்தமைக்குத் தற்செயல் மட்டும் காரணமன்று என்பது அவ்விசை பிறந்த ஊரை நோக்குமிடத்துப் புலனாகும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பேர்மிங்ஹம் நகரம் கைத்தொழிற் புரட்சிக் காலந்தொட்டு உலோகத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு அது பெரிதும் இலக்காயிற்று. 1948 இலும் 1949 இலும் பிறந்த நால்வர், அந்நகரின் ஆஸ்ரன் பகுதியில் இடிபாடுகள் அகற்றப்படாத தெருக்களில் விளையாடி வளர்ந்து, பதினைந்து பதினாறு வயதிற் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றனர். பின்னாளிற் பாடகரான ஒஸி ஒஸ்போர்ண் மோட்டார் வாகன ஊதுகுழல்களின் ஒலியைச் சரிபார்க்கும் வேலையையும், பின்னர் இறைச்சிக்கூட வேலையையும் செய்தார். களவுக்காகச் சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். கீஸர் பட்லர் கணக்காளரிடம் பயிலுநராக இருந்தார். பில் வார்ட் டிரம் வாசித்தார். நான்காமவர் ரொனி அயோமி, உருக்கு ஒட்டுநர்.

அயோமியின் வரலாற்றைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். ஏனெனில் எமது கருத்து முழுவதற்கும் அதுவே அடித்தளமாகின்றது. 1965 இல், தம் பதினேழாவது வயதில், ஒரு குழுவுடன் ஐரோப்பாவுக்கு இசைப்பயணம் செல்லும் பொருட்டு அவர் தொழிற்சாலை வேலையை விடத் தீர்மானித்தார். வேலையின் இறுதி நாள் அது. நண்பகல் உணவுக்கு வீடு திரும்பியவர் மீண்டும் செல்ல மனமின்றி இருந்தார். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்து வரவேண்டும் எனத் தாயார் கூறியதாற் சென்றார். அன்று தகடு அழுத்தும் பொறியில் வேலை செய்பவர் வராமையால், பழக்கமில்லாத அப்பொறியில் இவர் நிறுத்தப்பட்டார். பொறி கீழிறங்கியபோது வலக்கையின் நடுவிரலினதும் மோதிரவிரலினதும் நுனிகள் துண்டிக்கப்பட்டன. அயோமி இடக்கை வாசகர். ஆதலின் கிற்றாரின் தந்திகளை மெட்டுகளின்மீது அழுத்த வேண்டிய கை அவ்வலக்கையே. இனி வாசிக்க இயலாது என மருத்துவர்கள் கூறினர்.

தொழிற்சாலையின் மேலாளர் ஒருவர் அவரைப் பார்க்க வந்தபோது இசைத்தட்டொன்றைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். அது ஜாங்கோ றைன்ஹார்ட் என்னும் நாடோடிக் குலத்து ஜாஸ் கலைஞர் வாசித்தது. 1928 இல் தீ விபத்தொன்றில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின்னரே றைன்ஹார்ட் தம் பெரும் வாசிப்புகள் அனைத்தையும் வாசித்தார் எனக் கேட்ட இளைஞர், பாத்திரம் கழுவும் திரவம் அடைத்து வரும் பிளாஸ்ரிக் போத்தலொன்றை உருக்கி, உருட்டி, தம் விரல் முனைகளுக்குப் பொருந்தும் உறைகளைச் செய்தார். தந்தியிற் பிடிப்பு ஏற்படும் வண்ணம் பழைய தோல் அங்கியிலிருந்து வெட்டிய தோலை அவற்றின்மேல் ஒட்டினார். தடித்த தந்திகளை அழுத்தும்போது வலி மிகுந்தமையால் மெல்லிய தந்திகளைத் தேடினார். அக்காலத்தில் அத்தகைய கிற்றார்த் தந்திகள் கடைகளிற் கிடைக்காமையாற் பான்ஜோவின் தந்திகளைக் கட்டினார். பின்னர், 1971 இல் வெளிவந்த 'மாஸ்ரர் ஒஃப் றியலிற்றி' இசைத்தட்டிற் பல பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தினார். தளர்ந்த தந்தி விரலுக்கு இதமளித்தது. செவிக்கோ, அதுவரை கேட்டிராத ஆழ்ந்த கனத்தை அளித்தது. இன்று உலகெங்கணும் மெற்றல் வாசிப்போர் தம் கருவிகளைத் தாழ்சுருதியில் வைத்துக்கொள்வதன் மூலம் பெரும்பாலும் இங்கேதான் உள்ளது. மரபெனக் கருதப்படுவது, ஒரு தொழிலாளியின் காயத்துக்குக் கண்ட பரிகாரமாகத் தொடங்கியமை மனங்கொளத்தக்கது.

இவ்விசையின் பிரதான மொழியாகிய இருசுரக் கூட்டும் இவ்வாறே நோக்கத்தக்கது. முழுச் சுரக்கூட்டொன்றில் சட்சம், காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றும் ஒருங்கே ஒலிக்கும். காந்தாரம் அந்தரமாயின் ஒரு மனநிலையும் சாதாரணமாயின் வேறொரு மனநிலையும் தோன்றும் என்பது மேலையிசையின் பால பாடம். மெற்றல் கலைஞன் அக்காந்தாரத்தை நீக்கிவிட்டு, சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து ஒலிப்பான். ஏன்? விடை பௌதிகவியலில் உள்ளது. விரியலாக்கியை அதன் எல்லைக்கு அப்பாற் செலுத்தும்போது ஒலியலையின் உச்சிகள் வெட்டுண்டு, புதிய மேற்றொனிகளும், சுரங்களின் மீடிறன்களுடைய கூட்டல் கழித்தல்களாற் பிறக்கும் புதிய ஒலிகளும் தோன்றுகின்றன. இதுவே திரிபு எனப்படுவது. மூன்று சுரங்களை இத்திரிபினூடே செலுத்தினால் இப்புதிய ஒலிகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். சட்சமும் பஞ்சமமும் மட்டும் ஆயின், அவற்றின் மீடிறன் விகிதம் 2 : 3 ஆதலால், எல்லா ஒலிகளும் ஒழுங்காக அமையும். எடுத்துக்காட்டாக, 100 உம் 150 உம் ஆகிய மீடிறன்களின் வித்தியாசம் 50. அஃதாவது கீழ்ச்சட்சத்துக்கும் கீழே, எவரும் மீட்டாத மந்தர சட்சம் ஒன்று தானாகவே பிறந்து ஒலிக்கின்றது. இரு விரல்களால் எளிதிற் பிடிக்கக்கூடிய ஒரு கூட்டு, பிடித்த கையினும் பெரிய ஒலியைத் தருகின்றது. இக்கூட்டு அயோமியின் கண்டுபிடிப்பன்று, திரிபும் அன்று. 1958 இல் லிங்க் றே தம் ஒலிபெருக்கியில் துளைகள் இட்டும், 1964 இல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சவரத் தகட்டாற் கீறியும் அவ்வொலியைத் தேடினர். இலண்டனில் ஜிம் மார்ஷல் செய்த விரியலாக்கிகள் அறுபதுகளின் நடுவில் அத்தேட்டத்துக்கு வேண்டிய வலுவை வழங்கின. ஆயின் அதனை அலங்காரமாக அன்றி அடிப்படையாகக் கொண்டு, மெதுவாக, இடைவெளி விட்டு, ஒரு பாடலின் கட்டுமானம் முழுவதையும் அதன்மீது எழுப்பியவர் அயோமியே என்பது எமது துணிபு.

1969 இன் இறுதியில் ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, 1970 பெப்ரவரி 13 இல் வெளியான பிளாக் சபத்தின் முதல் இசைத்தட்டின் முதற் பாடல் இதற்குச் சான்று. சட்சம், மேற்சட்சம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். அப்பாடலின் தலையாய தொடர் இம்மூன்று சுரங்களே. ஹோல்ஸ்ற் என்னும் ஆங்கில இசையமைப்பாளரின் 'கோள்கள்' என்னும் படைப்பிற் செவ்வாயைக் குறிக்கும் பகுதியைப் பட்லர் வாசித்துப் பார்த்ததிலிருந்து இத்தொடர் பிறந்தது. சட்சத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடைப்பட்ட இடைவெளியைச் 'சாத்தானின் இசை' எனக் கூறி மத்தியகாலத் திருச்சபை தடைசெய்தது எனும் கதை மெற்றல் சுவைஞரிடையே பெரிதும் வழங்குகின்றது. அது மிகைப்படுத்தப்பட்ட கதை. இசையிலக்கண ஆசிரியர்கள் அவ்விடைவெளியைத் தவிர்க்குமாறு கூறினர் என்பதே உண்மை. கல்யாணியிலும் பந்துவராளியிலும் நாளும் பிரதி மத்திமத்தைக் கேட்கும் எமது செவிக்கு அச்சுரத்தில் அச்சந்தரும் பண்பு எதுவும் இல்லை. இங்கு ஒரு நுட்பம் உண்டு. கல்யாணியில் அது காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடமுடையதாய் நிற்கின்றது. பிளாக் சபத்தின் பாடலிலோ மேற்சட்சத்திலிருந்து விழுந்து, பஞ்சமத்தை அடையாமல், விழுந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நிற்கின்றது. அச்சம் சுரத்தில் இல்லை. அதனைக் கையாளும் முறையிலேயே உள்ளது. மெற்றல் இசையை நயப்பதென்பது இத்தகைய கையாளுகையைக் கேட்டறிதலே.

அக்குழுவினரின் பாடற்பொருளும் கவனிக்கத்தக்கது. பேய் பிசாசு பற்றிய தோற்றம் வணிகத்துக்கு உதவியது உண்மையே. ஆயின் பாடல்களுட் பெரும்பாலானவற்றை எழுதிய பட்லரின் உள்ளத்தில் இருந்தவை போர், அணுவாயுதம், போதை, தனிமை என்பன. 1970 இல் வெளிவந்த இரண்டாம் இசைத்தட்டின் முதற் பாடல், வியட்நாம் போர்க் காலத்தில், ஏழைகளைக் களத்துக்கு அனுப்பித் தாம் ஒதுங்கியிருக்கும் ஆட்சியாளரைச் சாடுவது. அவ்விசைத்தட்டுக்கு அப்பாடலின் பெயரையே இடக் குழுவினர் எண்ணியிருந்தும் வெளியீட்டாளர் வேறு பெயரை இட்டனர். அக்காலத்து விமரிசகர் இவற்றைச் செவிமடுத்ததாகத் தெரியவில்லை.

பிளாக் சபத்தில் நீலஇசை எனத்தக்க அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையின் சாயல் தெளிவாக உண்டு. அதே காலத்தவரான லெட் செப்பலின், டீப் பேர்ப்பிள் ஆகியோரிடம் அஃது இன்னும் மிகுதி. அச்சாயலைக் களைந்து மெற்றலைத் தனி இலக்கணம் உடையதாக்கியவர் அதே பேர்மிங்ஹம் வட்டாரத்து ஜூடாஸ் பிறீஸ்ற் குழுவினர். கே. கே. டவுனிங், கிளென் ரிப்ரன் எனும் இரு கிற்றார்க் கலைஞர் ஒருவருக்கு மற்றவர் பக்கவாத்தியம் என்றில்லாமற் சமநிலையில் நின்று வாசித்தனர். பாடகர் றொப் ஹல்ஃபோர்ட் தாரஸ்தாயியின் உச்சிவரை தடையின்றிச் செல்லும் குரலினர். உலோகப் பட்டறைகள் நிறைந்த வோல்சல் ஊரில் வளர்ந்த அவர், அவ்வொலிகளுக்கும் தம் இசைக்கும் உள்ள உறவினைப் பலமுறை எடுத்துரைத்துள்ளார். ரிப்ரன், இசைக்கு வருமுன் உருக்குத் தொழிலிற் பயிலுநர். 1980 ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் தொடக்கம்வரை பிரித்தானிய உருக்காலைத் தொழிலாளர் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். அது முடிந்த சில நாட்களில் இக்குழுவினரின் 'பிரிட்டிஷ் ஸ்ரீல்' வெளிவந்தது. பிரித்தானிய உருக்கு என்பது அதன் பொருள். இயந்திர மனிதரின் நடையொலி வேண்டியபோது, கரண்டிகளும் கத்திகளும் நிறைந்த தட்டமொன்றைக் குலுக்கி ஒலிப்பதிவு செய்தனர். தோலாடையும் உலோகக் குமிழ்களும் கொண்ட உடையைப் பரப்பியவரும் ஹல்ஃபோர்ட்டே. ஆண்மையின் அடையாளமென இளைஞர் பலர் அவ்வுடையை அணிந்தனர். 1998 இல் ஹல்ஃபோர்ட் தாம் ஓரினச் சேர்க்கையாளர் என வெளிப்படையாகக் கூறியபோது அவ்விளைஞருட் பெரும்பாலோர் அவரைக் கைவிடவில்லை. இம்மக்களிடம் வன்மம் மிகுதி எனக் கூறுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

இதன் பின்னர்க் கிளைகள் பெருகின. அவற்றின் பெயர்களைத் தொகுத்து வகைப்படுத்துவதிலே காலம் கழிக்கும் சுவைஞர் பலருளர். தொல்காப்பியத்துக்கு உரை எழுதுவோரினும் அவர்கள் நுணுக்கமானவர். பெயர் வேட்கை எமக்கில்லை. ஆயின் ஒவ்வொரு கிளையும் இருசுரக் கூட்டு, திரிபு, வேகம், டிரம், குரல் ஆகிய அதே சில மூலப்பொருள்களுள் எதனை மாற்றியது என்று கேட்பதாற் பயனுண்டு.

1979 இல் 'சவுண்ட்ஸ்' என்னும் இலண்டன் இசைப் பத்திரிகை 'பிரித்தானிய மெற்றலின் புதிய அலை' எனப் பெயரிட்ட இயக்கத்தின் தலையாய குழு அயன் மெயிடன். 1975 இல் கிழக்கு இலண்டனில் இதனை நிறுவிய ஸ்ரீவ் ஹரிஸ் பேஸ் கிற்றார் வாசிப்பவர். பின்னணியில் ஒதுங்கிநின்ற அக்கருவியை, விரல்களாற் குதிரைப் பாய்ச்சல் போன்ற நடையில் மீட்டி முன்னணிக்குக் கொணர்ந்தார். இலக்கிய மாணவர் இக்குழுவின் 1984 ஆம் ஆண்டு இசைத்தட்டின் இறுதிப் பாடலை ஒருமுறையேனும் கேட்டல் நன்று. 1798 இல் வெளியான கோல்றிட்ஜின் முதிய மாலுமி பற்றிய கதைப்பாட்டினை 13 நிமிடங்களுக்கு மேல் நீளும் இசையாக அது மாற்றியுள்ளது. காற்றின்றிக் கப்பல் நின்ற கட்டத்தில் இசையும் நின்றுவிடுகின்றது. பேஸின் தாழ்ந்த அசைவும் மரக்கலம் முனகும் ஒலியுமே எஞ்சுகின்றன. வகுப்பறையிற் பலர் விளக்க முயன்று தோற்ற ஒரு கட்டம் அது.

வேகத்தை மாற்றியவர் வேறு. லெமி என அழைக்கப்பட்டவர் 1975 இல் அமைத்த மோட்டர்ஹெட், பங்க் இசையின் விரைவை மெற்றலுக்குள் கொணர்ந்தது. அதனையும் பிரித்தானியப் புதிய அலையையும் கேட்டு வளர்ந்த கலிபோர்ணிய இளைஞர் 1983 அளவில் திராஷ் எனும் கிளையைத் தோற்றுவித்தனர். இங்கு நாம் கேட்க வேண்டியது வலக்கை. மீட்டும் கையின் அடிப்பகுதியைத் தந்திகளின்மேற் சற்றே படியவைத்து ஒலியை அடக்கும்போது, தந்தி, தோற்கருவி போல ஒலிக்கின்றது. மெற்றாலிக்காவின் ஜேம்ஸ் ஹெற்ஃபீல்ட் இவ்வடக்கிய ஒலியைக் கீழ்நோக்கிய மீட்டலால் மட்டுமே, எட்டு நிமிடப் பாடலொன்று முழுவதும் தளராமல் வாசிக்க வல்லவர். மேலும் கீழுமாக மீட்டின் வேலை பாதியாகும். ஆயின் ஒவ்வோர் அடியும் ஒரே கனத்துடன் விழாது. 1986 இன் 'மாஸ்ரர் ஒஃப் பப்பற்ஸ்' இதன் உச்சம். அவ்வாண்டு செப்ரெம்பரில் அக்குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பேர்ட்டன் சுவீடனிற் பேருந்து விபத்தில் இறந்தமை அவ்விசைக்கு நேர்ந்த பேரிழப்பு. அதே ஆண்டில் ஸ்லேயர் குழுவினர் பத்துப் பாடல்களை ஏறத்தாழ 29 நிமிடங்களில் முடித்தனர். சுரத்தளவில் இவ்விரு குழுவினரும் சட்சத்தை ஒட்டிய சுத்த ரிஷபத்தைப் பெரிதும் விரும்பினர். இவ்வகைப் பாடல்கள் சிலவற்றின் சுரவரிசை எமது தோடியின் சுரவரிசையே. கமகமில்லாத் தோடி தோடியாகாது என்பதை நாம் அறிவோம். அதே சுரங்கள் வேறோர் உலகைக் கட்டுவதைக் காண்பதில் இன்பம் உண்டு.

புதிய செவிகளை முதலில் விரட்டுவது டெத் மெற்றலின் குரல். அது கூச்சலன்று. குரல்நாண்களுக்கு மேலுள்ள போலிக் குரல்மடிப்புகளை அளவாக அதிரச்செய்து பெறப்படும் உறுமல் அது. பயிற்சியின்றி முயல்வோர் தொண்டையைக் கெடுத்துக்கொள்வர். இக்குரல் சுரத்தைக் கைவிட்டுத் தாளத்தையும் நிறத்தையும் வைத்துக்கொள்கின்றது. அஃதாவது குரல் தோற்கருவியாகின்றது. சுவீடனின் ஆர்ச் எனிமி குழுவில் 2001 முதல் ஜேர்மனியப் பெண்மணியான அஞ்செலா கொஸோ இவ்வாறு பாடியபோது, பாடுபவர் ஆணா பெண்ணா எனக் கேட்டோரால் அறிய இயலவில்லை. புளோரிடாவில் டெத் என்னும் குழுவை நடத்திய சக் ஷுல்டினரை இக்கிளையின் தந்தை என்பர். 1987 இன் முதல் இசைத்தட்டு பிணமும் குருதியும் பற்றியது. விடலைத்தனமானது என்றே கூறுவோம். ஆயின் 1991 இன் 'ஹியூமன்' முதலாக அவர் ஏமாற்றம், தீர்ப்பு, மனிதர் ஒருவரையொருவர் வஞ்சித்தல் என்பவற்றைப் பாடினார். ஜாஸ் பயின்ற கலைஞரைச் சேர்த்துக்கொண்டார். மூளைக் கட்டியால் 2001 டிசெம்பரில் அவர் இறந்தபோது வயது 34. முதல் இசைத்தட்டையும் 1998 இன் இறுதி இசைத்தட்டையும் அடுத்தடுத்துக் கேட்போர், பதினோராண்டுகளில் ஒரு மனம் முதிர்ந்ததைக் கேட்பர்.

வேகத்தை மறுத்து அயோமியின் மந்தகதிக்கே மீண்டது டூம். 1986 இல் சுவீடனின் கான்டில்மாஸ் அதனை நிலைநாட்டியது. ஜேர்மனியின் ஹலோவீன் வழிவந்த பவர் மெற்றலின் வெற்றி முழக்கம் எமக்கு விரைவிற் சலிக்கின்றது. முகப்பூச்சும் சிகையலங்காரமுமாய் எண்பதுகளில் லொஸ் அஞ்சலிசில் விளங்கியோரைப் பற்றி ஈண்டு எழுதுவதற்கில்லை.

லயத்தில் ஈடுபாடுடைய எம்மவர்க்குச் சுவீடனின் மெஷுகா உகந்தது. டிரம் வாசிக்கும் தொமாஸ் ஹாக்கவின் கை சாதாரண நாலடித் தாளத்தை ஓயாது காட்டிநிற்க, அவருடைய கால்களும் கிற்றார்களும் வேறோர் அளவிற் சுழல்கின்றன. அடிப்படை மாத்திரைகள் பதினாறு கொண்ட ஆவர்த்தனம் எட்டுச் சேர்ந்தால் 128. கிற்றார் 23 மாத்திரைத் தொடரொன்றை ஐந்து முறை வாசித்தால் 115. எஞ்சிய 13 க்கு அத்தொடரைச் சுருக்கி வாசித்து, எட்டாவது ஆவர்த்தனத்தின் முடிவிற் சமத்துக்கு வந்துசேர்வர். மிருதங்கத்திற் கணக்குப் போடக் கேட்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இவர்கள் எம்மிடம் கற்றனர் என்பது எமது கூற்றன்று. தாளத்தோடு விளையாடும் மனம் எங்கும் ஒன்றே போலும்.

இனி, நயத்தலுக்கு உண்மையிலேயே இடர்விளைவிக்கும் விடயத்துக்கு வருவோம். மெற்றல் இளைஞரைக் கெடுக்கின்றது எனும் குற்றச்சாட்டு இருமுறை பொதுமன்றில் விசாரிக்கப்பட்டது. 1985 செப்ரெம்பரில் அமெரிக்க மூதவைக் குழுவின் முன் தோன்றிய டீ ஸ்னைடர், வன்முறைப் பாடல் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட தம் பாடல், தம் குழுவின் கிற்றார்க் கலைஞருக்கு நடந்த தொண்டைச் சத்திரசிகிச்சை பற்றியது என விளக்கினார். அக்கலைஞர் கத்தியை அஞ்சியது உண்மை, சத்திரவைத்தியரின் கத்தியை. மற்றையது துயரம் மிக்கது. 1985 டிசெம்பரில் நெவாடா மாநிலத்தில் இளைஞர் இருவர் தம்மைச் சுட்டுக்கொண்டனர். ஒருவர் அன்றே இறந்தார். 1978 இல் வெளியான ஜூடாஸ் பிறீஸ்றின் இசைத்தட்டிற் செவிக்குப் புலப்படாத ஏவல் ஒளிந்துள்ளது எனப் பெற்றோர் வழக்கிட்டனர். 1990 இல் றீனோ நகர நீதிமன்றில் ஹல்ஃபோர்ட் அப்பாடலைப் பாடிக்காட்டினார். ஏவல் எனப்பட்டது மூச்சொலியும் கிற்றார் ஒலியும் தற்செயலாகக் கூடியதே எனக் கண்ட நீதிபதி வழக்கைத் தள்ளினார். பிள்ளையை இழந்த தாய்தந்தையர் ஒரு காரணத்தைத் தேடியதை எவரும் இகழ முடியாது. ஆயின் காரணம் அங்கு இருக்கவில்லை.

நோர்வேயின் பிளாக் மெற்றல் பற்றி இவ்வாறு கூற இயலாது. அங்கு குற்றம் உண்மையானது. 1992 யூனில் பேர்கன் நகரின் பன்னிரண்டாம் நூற்றாண்டு மரத் தேவாலயம் தீக்கிரையாயிற்று. தொடர்ந்து பல தேவாலயங்கள் எரிந்தன. 1993 ஆகஸ்டில் மேஹெம் குழுவின் கிற்றார்க் கலைஞர் எய்ஸ்ரைன் ஓர்சத்தைப் பேர்சம் என்ற பெயரில் இசையமைத்த வார்க் விக்கர்னஸ் குத்திக் கொன்றார். கொலைக்கும் தேவாலயங்கள் சிலவற்றை எரித்தமைக்குமாக 1994 இல் அவருக்கு 21 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2009 இல் விடுதலையான பின்னரும் இனவெறிக் கருத்துகளை அவர் கைவிடவில்லை. அவருடைய இசை, வேண்டுமென்றே மெலிந்த ஒலிப்பதிவும், தந்தியின் இடையறாத அதிர்வும், பனிவெளி போன்ற நீண்ட ஒருமைத்தன்மையும் கொண்டது. அதில் அழகு இல்லை என நாம் கூறின் அது பொய்யாகும். கலை வேறு, கலைஞன் வேறு எனக் கூறித் தப்புவது எளிது. ஆயின் அக்கலைஞனே தன் செயலையும் இசையையும் ஒன்றென அறிவித்தவன். எமது நிலை இது: அவ்விசையின் நுட்பத்தை ஆராய்வோம், அவரைக் கொண்டாட மாட்டோம், அவருக்கு வருவாய் சேரும் வழியில் அதனை நாட மாட்டோம். அதே மண்ணில், அதே ஆண்டுகளில், எவரையும் கொல்லாமலும் எதனையும் எரிக்காமலும் டார்க்துரோன் குழுவினர் 1992 இல் வெளியிட்ட இசைத்தட்டு அக்கிளையின் ஆற்றலை அறியப் போதுமானது. குற்றத்தின் கவர்ச்சி இசையின் கவர்ச்சியென மயங்கிய சுவைஞர் பலரை நாம் கண்டிருக்கின்றோம். அம்மயக்கமும் இசையைக் கேளாமையின் ஒரு வகையே.

பிறநாட்டார் இவ்விசையைக் கொண்ட முறை வேறுபட்டது. பிரேசிலின் செபுல்தூரா 1996 இன் 'றூட்ஸ்' இசைத்தட்டுக்காகச் சவாந்தே என்னும் ஆதிக்குடியினரின் ஊருக்கே சென்று அவர்களோடு சேர்ந்து ஒலிப்பதிவு செய்தது. மேற்கு ஜாவாவின் காருட் பகுதிப் பள்ளியில் 2014 இல் தொடங்கிய வொய்ஸ் ஒஃப் பசப்ரொட் குழுவினர், தலையை மறைக்கும் ஆடையணிந்த மூன்று முஸ்லிம் பெண்கள். 2024 இல் இங்கிலாந்தின் கிளாஸ்ரன்பரி விழாவில் வாசித்தனர். பசப்ரொட் என்பது சுண்டா மொழியில் சத்தத்தைக் குறிக்கும் சொல். இகழ்ச்சிச் சொல்லைத் தாமே பெயராக்கிக்கொண்டனர்.

பேர்மிங்ஹம் தன் பிள்ளைகளை ஏற்க நெடுங்காலம் எடுத்தது. 2019 இல் நகர நடுவே கால்வாய்ப் பாலமொன்றுக்குப் பிளாக் சபத்தின் பெயர் சூட்டப்பட்டது. 2023 இல் அந்நகரின் அரச பலே நடனக் குழு அவர்களின் இசைக்கு முழுநீள நடனம் அமைத்தது. 2025 யூலை 5 இல், தாம் வளர்ந்த ஆஸ்ரனிலுள்ள வில்லா பார்க் உதைபந்தாட்ட அரங்கில் நால்வரும் இருபதாண்டுகளின் பின் ஒன்றுசேர்ந்து இறுதியாக வாசித்தனர். பார்க்கின்சன் நோயால் நிற்க இயலாத ஒஸ்போர்ண் ஆசனத்தில் இருந்தவாறே பாடினார். பதினேழு நாட்களின் பின் இறந்தார். ஊர்வலம் அப்பாலத்தருகே நின்றபோது தெருவெங்கும் மக்கள் நிறைந்திருந்தனர். யூலை ஐந்தாம் நாள் மாலையில் எழுபத்தேழு வயது அயோமி, ஏறத்தாழ அறுபதாண்டுகளாகச் செய்து வந்தது போலவே, வலக்கையின் இரு விரல்களில் உறைகளை மாட்டிக்கொண்டு மேடையேறினார்.